பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

1

கிட்டே வாங்க கண்ணுகளா. பின்னால் நிற்கிறவர்களும் இப்படி முன்னால் வந்து உட்காருங்க, இடம் இருக்கிறது. ஒரு கதை சொல்கிறேன். நல்ல கதையா என்று இப்போதே கேட்காதீர்கள். எனக்கே அதில் சந்தேகம். கதையில் வருகிற ஆள்மேல் சந்தேகம், அவன் சொன்னதன்மேல் சந்தேகம், எல்லாவற்றையும்விட இதை எழுதுகிற என்மேல் சந்தேகம்.

முதலில் கதை எப்படிக் கிடைத்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒட்டுக்கேட்டேன்.

எங்கள் குடியிருப்பில் என் குளியலறைக்கும் பக்கத்து வீட்டுக் குளியலறைக்கும் நடுவே குழாய் இறங்குவதற்காக ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். ஆள் நுழைய முடியாது. ஆனால் ஷாம்பு வாசனை வரும், பேச்சு வரும். ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஓர் ஆண் குரல் வந்தது.

"விழுந்துட்டியா? பரவால்ல, எழுந்திரு."

மறுபடி அதே குரல், வேறு ராகத்தில்: "விழுந்துட்டியா கண்ணா? எங்க, காட்டு. அப்பா இருக்கேன்ல?"

மூன்றாவது தடவை, அதட்டலாக: "விழுந்துட்டியா? பாத்து நடன்னு எத்தன தடவ சொல்றது!" உடனே தனக்குத்தானே, "ச்சே, இது வேணாம்."

அலசின துணி கையிலேயே இருந்தது. ஏனென்றால் அந்த வீட்டில் குழந்தை கிடையாது.

2

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

அடுத்த வீட்டுக்காரனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது.

(அடித்துவிட்டேன். ஆதாரம் இல்லை. ஆனால் அடித்த பிறகும் அந்த வரி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நீங்களும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்களே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?)

இரண்டாவது தொடக்கம்:

அப்பா ஆகப் போகிற ஒருவன், நல்ல

"நல்ல" வந்ததும் பேனா நின்றுவிட்டது. எனக்கு யாரும் கதை எழுதச் சொல்லித் தரவில்லை. பிஸ்கட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பாக்கெட் ஒட்டும் மேசையில் இருந்தேன். கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு. பக்கத்தில் ஒட்டுகிற பெண்களுக்குக் கதை சொல்லிச் சொல்லித்தான் பழகினேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நல்லவன் என்று ஆரம்பித்தால் மேசையில் நாலு பேர் கொட்டாவி விடுவார்கள். "ஒரு ஆளு, பாத்தா நல்லவன் மாதிரி இருப்பான்" என்றால் ஒட்டுகிற கை நிற்கும். சூப்பர்வைசர் வந்து திட்டுவார்.

ஆகவே, பார்த்தால் நல்லவன் மாதிரி இருப்பான். முப்பத்தைந்து வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கற்றுக்கொள்கிறவர்கள் "மாஸ்டர்" என்பார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் கேட்காமலே பையை வாங்கிக்கொள்வான். கடலை எண்ணெய் ஒரு லிட்டர்தான் இருக்கும், அதையும் வாங்கிக்கொள்வான்.

3

அவன் மனைவியை மொட்டைமாடியில் பிடித்தேன். ஏழு மாதம். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. நாற்காலியில் உட்காரவைத்து, கண்முன்னே ஒரு வில்லையை மாட்டுவாள், எடுப்பாள், இன்னொன்றை மாட்டுவாள். "இது தெளிவா, இதுவா?" அவ்வளவுதான் கேட்பாள். எது சரி என்று தன் வாயால் சொல்லக் கூடாது. வருகிறவர்கள், "நீங்களே நல்லதா பாத்துப் போடுங்கம்மா" என்று கெஞ்சினாலும் சொல்ல மாட்டாள். தொழில் அப்படி.

"பகல்ல உங்க வீட்டுல யாரோ கொழந்தைகிட்ட பேசற சத்தம் கேட்டுதேம்மா?" என்றேன், சும்மா கேட்பதுபோல.

"அதுவா பெரியம்மா?" சிரித்துவிட்டாள். "ரிகர்சல். மூணு கிலோ சலவைத்தூள் பாக்கெட்டை துண்டுல சுத்தி மடியில வெச்சுக்கிட்டு அப்பாவா பேசிப் பாக்கறாரு."

"குளியலறையிலயா?"

"அங்கதான் குரல் கணீர்னு கேக்குதாம்."

நானும் சிரித்தேன். அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையிலிருந்த துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டினாள்.

"கடையில ரெண்டாவது கிளை தொறக்கறாங்க. அதை நான் பாத்துக்கணும்னு கேக்கறாங்க. பாப்பாவுக்கு மூணு மாசம் ஆனதும் வரணும். வர்ற சனிக்கிழமைக்குள்ள ஆமா இல்லைன்னு சொல்லணும், இல்லன்னா வேற ஆள் போட்டுருவாங்க. இவரு சாயங்கால வகுப்பை விட்டுடறேங்கறாரு. காலையில ஆறுலேருந்து ஒம்பது வரைக்கும் மட்டும் வண்டி, அப்புறம் பகல் முழுக்க பாப்பாவோட. ரெண்டு வருஷமா பக்கத்துலயே இருக்கீங்க. நீங்க சொல்லுங்க. நம்பி விட்டுட்டுப் போலாமா?"

எனக்கு என்ன தெரியும், பையை வாங்குவான் என்பதைத் தவிர? தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"நல்லா யோசிச்சுக்கம்மா," என்றேன். "பேச்சு இனிக்கற ஆளைத்தான் ரெண்டு தடவ பாக்கணும்."

அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத வேண்டும். அவள் முகம்

(விட்டுவிடுகிறேன். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

* இங்கே ஒரு அடிக்குறிப்பு போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் உங்களை ஏமாற்றினவளாவேன். என் வீட்டுக்காரர் எங்கள் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பார். பார்க்கிறவர்கள் எல்லாம், "அப்பான்னா இப்படி இருக்கணும்" என்பார்கள். தெருமுனை திரும்பினதும், யாரும் இல்லையென்றால், "இந்தா பிடி, கழுத்து வலிக்குது" என்று என்னிடம் கொடுத்துவிடுவார். அவர் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. இருந்தும் நான் எழுதுகிற எந்த அப்பாவாக இருந்தாலும், தெருமுனை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

4

மறுநாள் மாஸ்டரே என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு நோட்டு.

"பெரியம்மா, நீங்க எழுதறவங்க. இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன். எதாவது விட்டுப்போச்சான்னு."

"எப்படிப்பட்ட அப்பாவாக இருக்க வேண்டும்" என்று தலைப்பு, கீழே இரண்டு கோடு. மொத்தம் நாற்பத்தொன்று. கை ஓங்கக் கூடாது. பிள்ளை கேட்பதற்கு முன்பே என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். விழ விடக் கூடாது. பள்ளிக்கூடம் விடுவதற்குப் பத்து நிமிஷம் முன்பே வாசலில் நிற்க வேண்டும். இருபத்தாறாவது மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருந்தது: என் அப்பா மாதிரி சும்மா இருக்கக் கூடாது.

"அடிப்பாரா?" என்றேன்.

"சேச்சே. ஒரு அடி அடிச்சதில்ல. எட்டு வயசுல சைக்கிள்லேருந்து குப்புற விழுந்தேன் பெரியம்மா, ரெண்டு பல்லு போயிடுச்சு. அவரு வாசல்ல நாற்காலி போட்டு பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. தலையைத் தூக்கிப் பாத்தாரு. மறுபடி பேப்பரைப் பாத்தாரு. அவ்வளவுதான். எனக்கு அந்தப் பேப்பரோட பின்பக்கம் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. சோப்பு விளம்பரம்."

இதையும் நான் உடனே நம்பவில்லை. சோப்பு விளம்பரம் என்பது சொல்லிச் சொல்லிப் பழகின ஆள் சேர்க்கிற விவரம். நானும் அப்படிச் சேர்ப்பவள்தான், எனக்குத் தெரியும். ஆனால் அவன் சங்கடத்தோடு சிரித்தபோது பார்த்தேன்: முன்பல் இரண்டு மட்டும் மற்றவற்றைவிட வெள்ளை. சரி, பல் போனது உண்மை.

"என்ன விட்டுப்போயிருக்கு?" என்று மறுபடி கேட்டான்.

ஏதோ விட்டுப்போயிருந்தது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. "எல்லாம் இருக்குப்பா," என்று திருப்பிக் கொடுத்தேன். அவன் போனதும் குறிப்பு எழுதிவைத்தேன்: இந்தப் பாத்திரம் அளவுக்கு மீறி நல்லவனாக இருக்கிறான். ஏதாவது தப்பு செய்ய வைக்க வேண்டும்.

நான் வைக்க வேண்டியிருக்கவில்லை. அவனே செய்தான்.

5

தப்பைப் புரிந்துகொள்ள அந்த வண்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். சின்ன விஷயம்தான். ஓட்டப் பழகுகிற காரில் பக்கத்து சீட்டுக் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், மாஸ்டருக்காக. இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்திருப்பார்கள். அவன் தன் பக்கம் மிதித்தால், ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் பிரேக்கும் தானாகக் கீழே இறங்கும்.

அவனிடம் ஒரு தையல்காரம்மா இரண்டு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. தைத்த துணிகளைத் தானே கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆசை. புதன்கிழமை அவருக்கு உரிமம் வாங்கும் பரீட்சை. மாஸ்டர் சீட்டில் பரீட்சை அதிகாரி உட்கார்ந்து அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மைதானக் கடைசியில் மணல் நிரப்பிய பீப்பாய். அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். வண்டி மெதுவாகத்தான் போனது. நேராகப் போய், பீப்பாயை இடித்து, அதைத் தள்ளிக்கொண்டு இன்னும் கொஞ்சம் போய் நின்றது. ஒரு முன்விளக்கு உடைந்தது. அதிகாரியின் பேனா அட்டையின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டது. யாருக்கும் அடியில்லை.

தையல்காரம்மா இறங்கி அழுதார். "நான் மிதிச்சேன் மாஸ்டர்! தினமும் மிதிக்கற அளவுதான் மிதிச்சேன்!"

அதைக் கேட்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. தினமும் அந்த அம்மா பிரேக்கைத் தொட்டதும் அது கீழே இறங்கியது. இறக்கியது இவன் கால். இரண்டு மாதமாக அவர் தானே நிறுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்; இவனும் அவர்தான் நிறுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

(எனக்கு உடனே வந்த சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். பதினொரு வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறானே, மற்றவர்கள் எப்படிப் பாஸானார்கள்? அவனிடமே கேட்டேன். "முன்னெல்லாம் கால் சும்மா கிடக்கும் பெரியம்மா. இவ மாசமா இருக்கறதைச் சொன்ன நாள்லேருந்துதான் தானா முந்திக்குது," என்றான். எனக்கு இது கதைக்கு ரொம்பச் சௌகரியமான பதிலாகப் பட்டது. இன்னும் படுகிறது.)

6

அன்று சாயங்காலம் என்னை அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டது அவள்தான். அவன் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். மேசையில் அந்த நோட்டு திறந்து கிடந்தது.

"பெரியம்மா, நீங்க இதைப் படிச்சீங்களாமே. ஒண்ணும் தோணலையா?"

"என்னம்மா?"

"இதுல பாப்பா எங்க?"

"எல்லாமே பாப்பாவுக்குத்தானே எழுதியிருக்கேன்," என்றான் அவன்.

"பாப்பாவுக்கு. சரி. பாப்பா எங்கங்க? நாப்பத்தொண்ணுல ஒண்ணுலயாவது அது தானா ஏதாவது செய்யுதா? நடக்கறதும் நீங்க, கேக்கறதும் நீங்க, விழாம இருக்கறதும் நீங்கதான்."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவளுக்கு விக்கல் வந்தது. அவன் எழுந்து தண்ணீர் எடுக்கப் பாதி தூரம் போய்விட்டான்.

"பாத்தீங்களா?" என்றாள் என்னிடம். கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத குரல். "உங்களுக்கு இது பெரிய குறையாத் தெரியாது. ஊர்ல உள்ளவங்க எல்லாம், 'கொடுத்து வெச்சவடி நீ'ன்னு சொல்றாங்க. இவர் பக்கத்துல உக்காந்தா எனக்குக் கால் இருக்கறதே மறந்துபோகுது பெரியம்மா. கடைக்குப் போறதே அங்கயாவது நானா நிக்கலாம்னுதான்." பிறகு அவனைப் பார்த்து, "நீங்க அடிப்பீங்கன்னு எனக்கு பயமில்ல. விட்டுட்டுப் போயிடுவீங்கன்னும் பயமில்ல. சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது அது என்னை மாதிரி உக்காந்திருக்குமோன்னுதான் பயம்," என்றாள்.

நான் எத்தனை விதமாகச் சந்தேகப்பட்டிருந்தேன்! இப்படி ஒன்று என் பட்டியலிலேயே இல்லை. என் தெருமுனையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில், இந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

அவன் தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றான். கொடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் தானே குடித்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமை அந்த அக்காவுக்கு மறுபடி வகுப்பு," என்றான். "செருப்பைக் கழட்டிட்டு, சீட்டுல காலை மடக்கி உக்காந்து சொல்லித் தரேன். மிதிக்க மாட்டேன்."

"மிதிக்கலன்னு யாரு பாக்கறது? உங்க கால் மிதிக்கறது உங்களுக்கே தெரியாதே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

7

ஆக, கதை எழுதுகிறவள் கதைக்குள்ளே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இது முறையல்ல என்று தெரியும். படித்த எழுத்தாளர்கள் வெளியிலேயே நிற்பார்களாம்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். பழைய டயர்களை மூன்று மூன்றாக அடுக்கியிருந்தார்கள். தையல்காரம்மா ஓட்டுகிற இடத்தில். பக்கத்தில் மாஸ்டர், வெறுங்காலோடு, சம்மணம் போட்டு. நான் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, அவன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷனின் கட்டைவிரலை வாழ்நாளில் இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

"இவங்க யாரு மாஸ்டர்?"

"இன்ஸ்பெக்டர்," என்றான்.

"நல்லா இருக்கு போங்க. பழகற வண்டியிலயும் இன்ஸ்பெக்டரா!"

முதல் சுற்று. டயருக்கு ரொம்ப முன்பே நிறுத்திவிட்டார். கட்டைவிரல் மடங்கியது, கால் அசையவில்லை. இரண்டாம் சுற்று, கொஞ்சம் கிட்டே. அவன் கை முழங்காலைப் பிடித்திருந்தது.

மூன்றாம் சுற்றில் அந்த அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. வேகம் கூட்டினார்.

"டயர் தெரியுதாக்கா?"

"தெரியுது மாஸ்டர்."

"சரி."

வேறொன்றும் சொல்லவில்லை. டயர் பெரிதாகிக்கொண்டே வந்தது. கறுப்பாக, வாயைத் திறந்துகொண்டு, நேராக என்னை நோக்கி

கண்ணுகளா, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு உலுக்கல். என் மூக்குக்கண்ணாடி எகிறிக் கீழே விழுந்தது. வண்டி நின்றிருந்தது. "நின்னுடுச்சு! நான்தான் மிதிச்சேன்! இந்தத் தடவ அடிவரைக்கும் மிதிச்சேன்!" என்று தையல்காரம்மா கத்தினார். இறங்கி ஓடிப்போய் டயரைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சாண்கூட இடைவெளி இல்லை.

நான் தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதலில் பார்த்தது அவன் காலை. ஒரு கால் மடங்கியிருந்தது. இன்னொரு கால் கீழே இருந்தது.

பிரேக்கின் மேல் இல்லை. பக்கத்தில். உலுக்கலில் சரிந்திருக்கலாம். மிதித்துவிட்டு எடுத்திருக்கலாம்.

அந்த அம்மாவை அவர் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு மாஸ்டரிடம் கேட்டேன்: "கால் எப்பப்பா எறங்குச்சு?"

"தெரியல பெரியம்மா," என்றான். முகமெல்லாம் வியர்வை. "சத்தியமா தெரியல. நீங்க பாத்தீங்கள்ல?"

8

வீடு வந்து சேர்கிறவரைக்கும் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். காகிதத்தில் இல்லை, மனதில்தான்.

ஒன்று: "மிதிக்கல. நான் பாத்தேன்." அவள் வேலைக்குப் போவாள். ஒரு பொய்யால் ஒரு வீடு நன்றாக இருக்கலாம். அப்படி இருந்த வீடுகளும் உண்டு.

இரண்டு: "மிதிச்சுட்டான்." என் பழைய சந்தேகத்துக்கு வயிறு நிறையும்.

மூன்றாவதைத்தான் சொன்னேன். துணிச்சலால் இல்லை. அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் வேறெதுவும் வாயில் வரவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டேம்மா."

அவள் திட்டவில்லை. என்னை உட்காரவைத்தாள். கடையில் கேட்கிற அதே குரலில், ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"வண்டி நின்னதும் முதல்ல பேசினது யாரு? அவரா, அந்தம்மாவா?"

"அந்தம்மா."

"அவரு 'பாத்து, பாத்து'ன்னு சொன்னாரா?"

"இல்ல."

"நின்னப்புறம்? 'நல்லவேளை'ன்னு? எதாவது?"

"ஒண்ணும் சொல்லல. அந்தம்மா எறங்கிப்போய் டயரைத் தொட்டுட்டு வந்து உக்கார்ற வரைக்கும் பேசல."

"அவ்வளவு நேரமா?" என்றாள். இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

கிளம்பும்போது என் மனதில் இருந்ததையும் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு மாடியில யோசிச்சுக்கன்னு சொன்னேனே, அது உன் வீட்டுக்காரரைப் பாத்து சொன்னதில்லம்மா. என் வீட்டுக்காரரை நெனச்சு சொன்னது. அதை மனசுல வெச்சுக்காத."

"அதை நான் அன்னைக்கே வெச்சுக்கல பெரியம்மா," என்று சிரித்தாள். "நீங்க பேசும்போது என்னையே பாக்கலையே."

9

இன்று சனிக்கிழமை. மணி நாலரை. கடை ஆறு மணிக்கு மூடும். பதிலை நேரில் போய்ச் சொல்லப் போகிறாள். கடை இங்கிருந்து நடந்தால் கால் மணி நேரம்.

நான் பால்கனியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே வாசலில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். ஒரு விளக்கு உடைந்த கார் பக்கத்திலேயே நிற்கிறது.

"கொண்டு விடட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம். நடந்து போறேன்."

ஏழு மாத வயிறு, வெயில், ஏற்றம். அவன் முகத்தில் இவை மூன்றும் வரிசையாக வந்து போவது இங்கிருந்தே தெரிந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அவள் நடக்க ஆரம்பித்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மெதுவாக, நடைபாதை ஓரமாக. என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று அவனிடமும் சொல்லவில்லை.

அவள் கண்ணுக்கு மறைந்ததும் அவன் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான் என்று முடிக்கலாம். மேசையில் நாலு பேர், "எனக்கு அப்பவே தெரியும்" என்பார்கள். போகவில்லை, ஒரு மணி நேரம் அங்கேயே நின்றான் என்றும் முடிக்கலாம். அப்போது கண்ணைத் துடைப்பார்கள். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாள், இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள், எதையும் எழுத என் பேனாவில் மை இருக்கிறது. ஆனால் நேற்று கண்ணை மூடிக்கொண்டவள், இன்றைக்குப் பார்த்ததாக எழுதினால் அது எந்த ஊர் நியாயம்?

அவள் இன்னும் தெருவில்தான் இருக்கிறாள். அவன் இன்னும் வாசலில்தான் இருக்கிறான். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். மிச்சத்தை நீங்கள் பாருங்கள். உங்களுக்கு எது தெளிவாகத் தெரிகிறதோ, அதுவே இருக்கட்டும். நான் திருத்த மாட்டேன்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரட்டும். வாசலில் நிற்கிறவர்களுக்கு நிற்கிற பலம் கிடைக்கட்டும். உங்கள் வீட்டுப் பாயில் மல்லாந்து கிடக்கிற பிள்ளை ஒருநாள், யாரும் கை கொடுக்காமல், தானாகக் குப்புறப் புரளட்டும். அதைப் பார்க்க வீட்டில் எல்லாரும் இருக்கட்டும்.